கவிதை எழுதுகிற பிள்ளையைக் கலைப்பிரிவில் விடலாமா?

விசுவமடுவில் இருந்து எழுதிய ஐயாவுக்கு,

மகள் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ஏ, கணிதத்துக்கு பி எடுத்திருக்கிறாள். கிளிநொச்சியில் விடுதியில் விட்டு உயிரியல் படிப்பிக்கலாம் என்று நீங்கள் இருந்தீர்கள். அவளோ தமிழும் புவியியலும் நாடகமும்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். கொப்பி நிறையக் கவிதை. "இதுகளைப் படிச்சு நாளைக்கு என்னத்தைச் சாப்பிடப் போறாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு போகம் பிழைத்தால் வீடு என்ன பாடுபடும் என்று தெரிந்த மனிசருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைக் கலைப்பிரிவில் விடுங்கள். ஆனால் விட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கலைப்பட்டதாரிகள் பலர் அதில் இருந்தார்கள். வன்னியில் நிலைமை எப்படியென்றால், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் பட்டினங்களை ஒட்டியே இருக்கின்றன. உள்ளூர்களில் இருப்பவை பெரும்பாலும் 1சி பாடசாலைகள். அங்கே கலையும் வர்த்தகமும்தான். அதனால் நிறையப் பிள்ளைகள் கலைப்பிரிவைத் தெரிவு செய்வதில்லை, வேறு வழியில்லாமல் வந்து சேருகிறார்கள். வகுப்பு நோட்ஸைப் பாடமாக்கி, பட்டத்தை எடுத்து, நியமனம் வரும் வரும் என்று வீட்டில் இருப்பவர்களில் பலர் இந்த வழியால் வந்தவர்கள். உங்கள் மகளுக்கு உயிரியல் வாசல் திறந்தே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் தமிழ் வேண்டும் என்கிறாள். இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்கிறேன்.

கவிதை மட்டும் சோறு போடாது. அதை அவளுக்கும் நேராகச் சொல்லுங்கள். ஈழத்தில் எங்களுக்குத் தெரிந்த கவிஞர்கள் ஆசிரியராக, எழுதுவினைஞராக, பத்திரிகையாளராக வேலை செய்துகொண்டே எழுதினார்கள். ஆனால் கவிதை எழுதுகிற பிள்ளைக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. இந்தச் சொல் இங்கே பொருந்துமா, வேறு சொல் போட்டால் கருத்து மாறுமா என்று நிறுத்துப் பார்க்கிற பழக்கம். அதற்குக் கூலி கொடுக்கிற வேலைகள் இருக்கின்றன.

ஒன்றைக் கிட்ட வைத்துக் காட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் கன பேரின் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. தகப்பன் செத்துப்போனால் பின்னுரித்தாளி, அதாவது அவருக்குப் பிறகு காணிக்கு உரித்தானவர், யார் என்ற கேள்வி வரும். அது பற்றிக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வருகிறது, முழுக்கச் சிங்களத்தில். தாய் அதைப் பொலித்தீன் பைக்குள் மடித்துவைத்துச் சந்திக்கடைக்குக் கொண்டுபோகிறார். கடைக்காரருக்குப் பேச்சுச் சிங்களம் தெரியும், காணிச் சட்டச் சொற்கள் தெரியாது. "ஏதோ பதிவு கேக்கினம்" என்று சொல்கிறார். எந்தத் திகதிக்கு முன், எந்தப் பத்திரத்தோடு, யார் போகவேண்டும் என்ற மூன்றும் அந்த மொழிபெயர்ப்பில் விழுந்துபோகின்றன. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. சட்டத்தில் இருக்கிறது, கந்தோரில் அதைச் செய்ய ஆள் போதாது. இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதக்கூடிய ஒரு வன்னிப் பிள்ளைக்கு வேலை இல்லாமல் போகாது என்று நான் துணிந்து சொல்லுவேன். மொழிபெயர்ப்புக் கற்கையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்கிற முதல் காரியம் சிங்களம். கிழமையில் இரண்டு நாள் ஒரு நல்ல ஆசிரியரிடம் அனுப்புங்கள். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்ற விதி இருக்கிறது. எந்த வேலைக்குப் போனாலும் அது உதவும். ஆங்கிலத்தைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. உயிரியலுக்கென்று நீங்கள் எடுத்துவைத்த ரியூசன் காசில் பாதியே இதற்குப் போதும்.

இரண்டாவது காரியம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவளின் அம்மம்மா அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, போய்ப் பாடினவர் என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, அந்த ஒரு வரியை வாசித்தபோதுதான் எனக்கு இந்தப் பிள்ளையின் வழி தெளிவாகத் தெரிந்தது. இப்போது வயலுக்குள் அறுவடை மெசின் இறங்குகிறது. அரிவாள் பிடித்து நிரையாக நின்று வெட்டுகிற வேலை போனதோடு, அந்த வேலைக்கென்று இருந்த பாட்டும் போகிறது. பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று காவல் காக்கிறபோது பாடினவையும் அப்படித்தான். எழுதிவைத்த கொப்பிகளும் ஏடுகளும் இருந்த வீடுகளை 2008, 2009 இடப்பெயர்வில் விட்டுவிட்டு ஓடினோம். மிஞ்சியது முதியவர்களின் வாயில் இருப்பதுதான்.

அம்மம்மாவைப் பின்னேரத்தில் திண்ணையில் இருத்தி, மகள் போனில் பதிவு செய்யட்டும். பாட்டை மட்டும் எடுத்தால் போதாது. எந்த ஊர் வயல், யார் முதலடி எடுப்பது, யார் வாங்கிப் பாடுவது, காலையில் என்ன பாட்டு, வெயில் ஏறினபிறகு என்ன பாட்டு என்று கேட்கவேண்டும். அதே பாட்டை இன்னொரு ஊரில் இன்னொரு ஆச்சி பாடும்போது அடி மாறும். அந்த மாற்றத்தையும் திருத்தாமல் அப்படியே எழுதவேண்டும். விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தால் காணும். பிறகு பாடியவரின் சம்மதத்தோடு நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005இல் தொடங்கிய எண்ணிம நூலகம் அது, ஈழத்து நூல்களையும் பதிவுகளையும் யாரும் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கள ஆய்வு என்று படிப்பிப்பது இதைத்தான். உயர்தர வகுப்பிலேயே இதைச் செய்த பிள்ளை, நேர்முகப் பரீட்சையில் வாயடைத்து நிற்காது.

கலைக்கு நாங்கள் எப்படித் துணை நிற்கிறோம் என்பதைப் பற்றியும் உங்களோடு பேசவேண்டும். நீங்கள் சனசமூக நிலையத்தில் பொறுப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் ஒருவர் கவிதைப் புத்தகம் போட்டால் என்ன நடக்கிறது? மண்டபம், மங்கல விளக்கு, பொன்னாடை, வரிசையாக வாழ்த்துரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகர் வாங்குகிறார். மறுநாள் மிச்சப் புத்தகம் எழுதியவரின் கட்டிலுக்குக் கீழே போகிறது. பொன்னாடைக்குச் செலவழிக்கிற காசில் கொஞ்சப் பிரதிகளை வாங்கிச் சுற்றுவட்டப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்தால் எழுதினவருக்கும் மரியாதை, வாசிக்கிற பிள்ளைக்கும் புத்தகம். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து உபயம் செய்கிற உறவுகளிடம், நிலையத்துக்கு இரண்டு சஞ்சிகைகளுக்கு வருடச் சந்தா கட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அதே நிலையத்தில் பிள்ளைகள் ஒரு புத்தகத்தை வாசித்துப் பேசட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டாம். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருக்கிறார். பிரதேச இலக்கிய விழாப் போட்டிகளின் முடிவுத் திகதிகளை அவரிடம் கேட்டு நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் வலயம் தாண்டி மாகாணத்துக்குப் போகிற பிள்ளைக்கு பஸ் காசுக்கு ஆள் இல்லாமல் இருக்கக்கூடாது.

இனிப் பாடங்கள். தமிழ், புவியியல் இரண்டும் இருக்கட்டும். புவியியல் படித்தவருக்கு வரைபடம், காணி, நீர் முகாமை என்று கதவுகள் உண்டு. மூன்றாவதாக நாடகமும் அரங்கியலுமா, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பமா என்பதை அவளே முடிவெடுக்கட்டும். பாடசாலையில் எதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார் என்று மட்டும் விசாரியுங்கள். பாடச் சேர்க்கைக்கு விதிமுறை உண்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் சரிபார்க்கவேண்டும். உயர்தரத்தில் எல்லோரும் எழுதுகிற பொதுச் சோதனையை லேசாக எடுத்துவிடாதீர்கள். அதில் 30 புள்ளி இல்லாவிட்டால் மற்றப் பாடங்களில் என்ன எடுத்தும் கம்பஸ் இல்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். வன்னி மண்ணில் தமிழோ வரலாறோ படிப்பிக்கிற பீடம் அவற்றில் இல்லை. அது எனக்குப் பெரிய மனக்குறை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிக்கோ, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற வந்தாறுமூலைக்கோ, பேராதனைக்கோ போகவேண்டிவரும். தூரம் என்று மறிக்காதீர்கள். மகாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவி கிடைக்க வாய்ப்புண்டு, கிராம உத்தியோகத்தரிடம் எடுக்கவேண்டிய வருமானச் சான்றிதழை நேரத்துக்கு எடுத்துக்கொடுங்கள்.

பட்டத்தை மட்டும் நம்பியிருக்கவேண்டாம் என்றுதான் இன்னொன்றையும் சொல்கிறேன். வவுனியாவிலும் கோப்பாயிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. சட்டம் படிக்கவும் கலைப்பிரிவு தடையில்லை. இலங்கை நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் செல்லும்.

உயர்தர வகுப்புக்குப் பதிவதற்கு முன் ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கவிதைக் கொப்பியையும் கொண்டுவரட்டும். அவளோடு தனியாகவும் கொஞ்சம் கதைக்கவேண்டும். தாயாரும் வந்தால் நல்லது.