வீட்டில் கட்டிய விமானத்துக்கு பங்க் பெட்ரோல் ஊற்றலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோட்டத்து ஷெட்டில் ஸெனித் சிஎச் 701 கிட் விமானத்தை மூன்று வருடமாகக் கட்டி வருகிறேன். எஞ்சின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், 100 குதிரைத்திறன். இறக்கைக்குள் இரண்டு அலுமினிய டேங்க். இந்த எஞ்சினுக்குக் கார் பெட்ரோலே போதும் என்று படித்தேன். அமெரிக்காவில் 91 ஆக்டேன் போட்டு ஓட்டுகிறார்களாம். நம் ஊர் பெட்ரோலும் 91தானே? ஏவ்காஸ் எனும் விமானப் பெட்ரோல் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. எத்தனால்தான் பிரச்சினை என்றால் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். எதை ஊற்றுவது, சார்?

பதில்: முதலில் வாழ்த்துகள். மூன்று வருடம் ரிவெட் அடித்துக் கட்டிய விமானத்துக்கு எதை ஊற்றுவது என்று முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே கேட்கிறீர்கள். பலர் எஞ்சின் ஒருமுறை இருமிய பிறகுதான் கேட்பார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் பங்க்கில் இப்போது கிடைக்கும் சாதாரண பெட்ரோலை இந்த எஞ்சினுக்கு ஊற்றாதீர்கள். கழுவியும் ஊற்றாதீர்கள். ஏவ்காஸ் 100எல்எல், அதாவது ஈயம் கலந்த 100 ஆக்டேன் விமானப் பெட்ரோல் போடுங்கள். அதனால் எஞ்சினுக்கு வரும் கூடுதல் வேலையைத் தவறாமல் செய்யுங்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

நீங்கள் சொன்ன 91-ஐ எடுத்துக்கொள்வோம். இது பலரும் விழுந்த குழி. அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் எண்ணும் நம் ஊரில் சொல்லும் எண்ணும் ஒரே அளவுகோல் இல்லை. ஆக்டேன் என்பது பெட்ரோல் அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறன். அதை இரண்டு முறையில் அளக்கிறார்கள். ஒன்று ஆர்ஓஎன், மற்றொன்று எம்ஓஎன். நாமும் ஐரோப்பாவும் ஆர்ஓஎன் எண்ணைச் சொல்கிறோம். அமெரிக்கர்கள் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களுடைய 91, நம் கணக்கில் ஏறக்குறைய 95. ரோட்டாக்ஸ் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. 912 யுஎல்எஸ்-க்குக் குறைந்தது ஆர்ஓஎன் 95 வேண்டும். இதன் தம்பியான 80 குதிரைத்திறன் யுஎல் என்றால் 90 போதும். உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 10.5-க்கு மேல், யுஎல்லுக்கு 9 மட்டுமே. அந்த வித்தியாசம்தான் காரணம். காரில் கொஞ்சம் குறைந்த ஆக்டேன் ஊற்றினால், பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் அந்த 'நாக்' சத்தத்தை நாக் சென்சார் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துவிடும். உங்கள் எஞ்சினில் அந்தச் சென்சார் கிடையாது. மேலேறும்போது முழு திராட்டிலில் நாக் ஆரம்பித்தால், புரொப்பெல்லர் சத்தத்தில் உங்கள் காதிலும் விழாது. பிஸ்டன்தான் அடி வாங்கும்.

சரி, இப்போதைய பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பதால் ஆர்ஓஎன் 95 வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், எத்தனால் ஆக்டேனை ஏற்றும். எண்ணை மட்டும் பார்த்தால் தேர்ச்சிதான். ஆனால் ரோட்டாக்ஸ் இந்த எஞ்சினுக்கு அனுமதித்திருக்கும் எத்தனால் அதிகபட்சம் 10 சதவீதம். நம் பெட்ரோலில் இருப்பது அதன் இரு மடங்கு. தயாரிப்பாளர் போட்ட கோட்டுக்கு வெளியே எஞ்சினைக் கொண்டுபோனால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல யாராலும் முடியாது.

எத்தனால் செய்யும் வேலைகளில் ஒன்று கலவையை மெலிதாக்குவது. பெட்ரோல் சரியாக எரிய அதன் எடையைப் போல 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். உங்கள் பிங் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவு மாறாதது. உள்ளே வருவது 20 சதவீத எத்தனால் என்று அதற்குத் தெரியாது. அதனால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாக ஓடும். அடுத்து, எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் சுமார் 7 சதவீதம் போய்விடும். நான்கு மணி நேரம் பறக்கலாம் என்று போட்ட கணக்கில் கால் மணி நேரம் காணாமல் போகும். இறங்க இடம் தேடும் நாளில் அந்தக் கால் மணி நேரத்தின் அருமை தெரியும்.

எனக்கு அதிகக் கவலை தருவது தண்ணீர். சுத்தமான பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அடியில் முத்து முத்தாக நிற்கும். காலையில் டிரெய்ன் வால்வைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், கொட்டிவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். குப்பியில் பிடித்தாலும் தெளிவாகத்தான் தெரியும். ஆயிரம் அடிக்குச் சுமார் இரண்டு டிகிரி குளிரும். 38 டிகிரி வெயிலில் டேங்கை நிரப்பிவிட்டு 6,000 அடிக்கு ஏறினால் வெளியே 26 டிகிரிதான். குளிரக் குளிரப் பெட்ரோலின் கரைக்கும் சக்தி குறையும். ஏற்கெனவே நிறையத் தண்ணீர் குடித்திருந்தால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து மொத்தமாகப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போகும். உங்கள் எரிபொருள் குழாய் புறப்படுவதும் அதே அடியிலிருந்துதான்.

ரப்பர் விஷயத்தை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மைக்ரோலைட் எனும் சிறு விமானம் ஒன்றின் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் கண்மை போலக் கறுப்புத் தூள் படிந்திருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடி, எரிபொருள் ஹோஸில் ஓர் அங்குலத்தை பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். வெளியே பார்க்கப் புத்தம் புதிது போல இருந்த ஹோஸின் உள்சுவர் ஊறிப்போய், நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. எத்தனாலுக்கு ஏற்காத சாதாரண ரப்பர் அது. நீங்கள் எந்த எரிபொருள் போட்டாலும் எத்தனாலைத் தாங்கும் ஹோஸையே போடுங்கள். என்றோ ஒரு நாள் வெளியூரில் இறங்கி, கிடைத்ததை ஊற்ற நேரலாம். டேங்கின் உள்ளே கசிவை அடைக்க ஏதாவது பூச்சு ஊற்றிச் சுழற்றியிருக்கிறீர்களா? இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பழைய வகைப் பூச்சுகள் எத்தனால் பட்டால் தோல் தோலாக உரிந்து வடிகட்டியை அடைக்கும்.

நண்பர் சொன்ன கழுவும் யோசனைக்கு வருவோம். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் எத்தனால் தண்ணீரோடு போய்விடும், அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் 95 என்ற ஆக்டேன் வந்ததே அந்த எத்தனாலால்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உங்கள் எஞ்சினுக்குப் போதாத பெட்ரோல், அதோடு தண்ணீரில் நனைந்த பெட்ரோல். மிச்சம் என்ன ஆக்டேன் என்று ஷெட்டில் வைத்து அளக்கவும் வழியில்லை. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

100 ஆக்டேன் என்று விற்கும் பிரீமியம் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று பைக் ஓட்டுபவர்கள் சொல்வார்கள். பேச்சை நம்பி ஊற்ற வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்பதை ஐந்து நிமிடத்தில் நீங்களே பார்க்கலாம். மூடியுள்ள 100 மில்லி கண்ணாடி அளவுக் குழல் ஒன்று வாங்குங்கள். அதில் 10 மில்லி தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போடுங்கள். நிறம் தண்ணீரில் மட்டும் கரையும், பெட்ரோலில் கரையாது. 100 கோடு வரை பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, மூடியைத் திறந்து ஆவியை விட்டுவிட்டு, அசையாமல் வையுங்கள். நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரஞ்சுக் கோடு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 28 பக்கம் ஏறி நின்றால் அது 20 சதவீதம் கலந்தது. கோடு ஏறாத பெட்ரோல் கிடைத்து, ஆக்டேனும் 95-க்கு மேல் என்றால் இந்த எஞ்சினுக்கு அது ஏற்றதே. ஆனால் ஒவ்வொரு கேனையும் சோதிக்க வேண்டும். போன மாதம் சரியாக இருந்த பங்க் இந்த மாதமும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கோடு ஏறாவிட்டாலும் கார் பெட்ரோல் ஏவ்காஸைவிடச் சீக்கிரம் ஆவியாகும். நம் ஊர் சித்திரை வெயிலில் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, டீ குடித்துவிட்டு உடனே மறுபடி ஏறும்போதுதான் குழாயில் ஆவி அடைப்பு வரும். சூடான எஞ்சின் அறையில் நின்ற பெட்ரோல் குமிழியாகிவிடும், பம்ப் ஆவியைத்தான் இழுக்கும். டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயை வைக்காமல் விடாதீர்கள். உங்கள் விமானத்தில் டேங்க் மேலே இருப்பது ஒரு நல்ல விஷயம்.

இனி ஏவ்காஸ். ஒரு காலத்தில் முழுக்க இறக்குமதிதான். 2022 செப்டம்பரிலிருந்து இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் 100எல்எல் தயாரிக்கிறது. பக்கத்தில் இருக்கும் பறக்கும் பயிற்சிப் பள்ளி எப்படி வாங்குகிறது என்று கேளுங்கள், வழி அங்கேதான் கிடைக்கும். நீல நிறமாக இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் காய்ந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. பிசுக்கு நின்றால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த பேரலைத் தொடாதீர்கள்.

இதன் குறை ஈயம். லிட்டருக்கு அதிகபட்சம் 0.56 கிராம் இருக்கலாம். மணிக்கு 18 லிட்டர் என்று வைத்தால் 25 மணி நேரத்தில் 450 லிட்டர், அதாவது கால் கிலோ ஈயம் வரை எஞ்சின் வழியாகப் போகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறும். மிச்சம் பிளக்கில் மணி மணியாக ஒட்டும், ஆயிலில் கலக்கும். ஏவ்காஸிலேயே ஓடிய ஒரு 912-இன் ஆயில் டேங்கைத் திறந்தபோது அடியில் விபூதியை எண்ணெயில் குழைத்தது போலச் சாம்பல் நிறச் சகதி, விரலில் எடுத்தால் வழியாமல் நின்றது. இந்த எஞ்சினில் கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தான் போகிறது. சகதி கியர்பாக்ஸின் கிளட்ச் வரை போய்ச் சேரும்.

அதனால்தான் ஏவ்காஸ் 30 சதவீதத்துக்கு மேல் என்றால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். மூன்று லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், அரை நாள் வேலை. முழு சிந்தெடிக் ஆயில் ஈயத்தைச் சுமக்காது, செமி சிந்தெடிக் போடுங்கள். பிளக்கையும் அப்போதே கழற்றிப் பாருங்கள். வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தால் 900 லிட்டர் எரிபொருள், இரண்டு ஆயில் மாற்றம். விலை வித்தியாசத்தை 900-ஆல் பெருக்கி, ஒரு எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டும் செலவோடு வைத்துப் பாருங்கள். கட்டுப்படியாகாது என்று நீங்கள் எழுதியது அப்போதும் சரியாகத் தோன்றாது என்றே நினைக்கிறேன்.

டிரெய்ன் செய்த ஏவ்காஸைத் தோட்டத்து மண்ணில் கொட்டாதீர்கள். ஈயம் மண்ணிலேயே கிடக்கும், பக்கத்தில் கிணறு இருக்கும். ஒரு டின்னில் சேர்த்து வையுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஈயமில்லாத விமானப் பெட்ரோல் நம்மிடம் எளிதாகக் கிடைத்தால் முதலில் நானே அதைச் சொல்வேன். ஐரோப்பாவில் யுஎல்91 என்று விற்கிறார்கள், ரோட்டாக்ஸுக்கு அது மிகப் பொருத்தம். அமெரிக்காவில் ஈயமுள்ள ஏவ்காஸை 2030 இறுதிக்குள் விலக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். மாற்று இங்கேயும் வரும்.

பேரல் வாங்கும் முன் ஒன்று. பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் ஓர் இடத்தில் ஒரு வரம்பு வரைதான் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். 200 லிட்டர் பேரல் அந்த வரம்புக்கு வெளியே. உரிமம் எடுங்கள், அல்லது பயிற்சிப் பள்ளியிலேயே வைத்து நிரப்பிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். உரிமத்தோடு பேரல் வைத்தால் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி உருட்டி நிறுத்துங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் மேல்தட்டில் தேங்கும், இரவில் பேரல் குளிர்ந்து மூச்சிழுக்கும்போது மூடியின் வழியே உள்ளே போகும். ஊற்றும்போது விமானத்தையும் பேரலையும் ஒயரால் இணைத்து எர்த் செய்துவிட்டு ஊற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வால்சக்கர விமானமானாலும் மூக்குச் சக்கர விமானமானாலும், விமானம் ஏறும்போது வரும் அதிகபட்சக் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி முட்டுக் கொடுங்கள். டேங்கில் கொஞ்சமே ஏவ்காஸ் விட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு கேனில் பிடியுங்கள். டேக்ஆஃபில் உங்கள் எஞ்சின் மணிக்கு 27 லிட்டர் கேட்கும். பம்ப் உள்ள அமைப்பில் அதன் 125 சதவீதம் வர வேண்டும் என்கிறது அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ வீட்டில் கட்டிய விமானங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி. பம்ப் இல்லாமல் மேலிருந்து தானாக இறங்குவதை மட்டும் நம்பினால் 150 சதவீதம். நிமிடக் கணக்கில் பம்ப்புக்கு சுமார் 560 மில்லி, பம்ப் இல்லாவிட்டால் 675. இடது டேங்க் தனியாக, வலது டேங்க் தனியாக அளந்து, இரண்டு எண்ணையும் லாக் புத்தகத்தில் தேதியோடு எழுதுங்கள். குறைந்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், டேங்க் மூடியின் காற்றுத் துளையிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.