மாந்தோப்புப் புல்லுக்கு 2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா?

காவேரிப்பட்டணம் பக்கம் மூணு ஏக்கர் மாந்தோப்பு, பாதி சரிவு, அடிக்கடி புல் வெட்டணும், எந்த பிரஷ் கட்டர் (தோள்ல மாட்டி புல் வெட்டுற மெஷின்) வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. 4 ஸ்ட்ரோக்கே எடுங்க. பெட்ரோல் கம்மியா குடிக்கும், ஆயில் கலக்கிற வேலையும் இல்ல. ஆனா 35 சிசி இன்ஜினுக்கு ஆயில் சுமார் 100 மில்லிதான். கூடுதலா ஊத்தினா, சாய்க்கும்போது பிரீதர் (இன்ஜின் உள்காத்து வெளியேறுற குழாய்) வழியா ஏர் பில்டருக்கு ஏறி வெள்ளைப் புகை கக்கும். முதல் 10 மணி நேரம் ஓடினதும் ஆயில் மாத்துங்க, அப்புறம் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை.

2 ஸ்ட்ரோக் எடை குறைவு, தோளுக்கு சுகம். பெட்ரோல்-ஆயில் கலவைதான் தலைவலி: மேனுவல்ல 25:1 போட்டிருந்தா லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்), 50:1னா 20. குறைஞ்சா பிஸ்டன் கீறி ஜாம் ஆயிடும். கூடினா பிளக்குல கரி பிடிக்கும்.

எதை வாங்கினாலும், சின்ன மாங்கன்னுகிட்ட மெஷின்ல சுத்தி புல் வெட்டுற நைலான் கயிறை விடாதீங்க. பட்டையைச் சுத்தி உரிச்சிடும், கன்னு காய்ஞ்சிடும்.