முதலில் பிரேக், அடுத்தது குளிர்மை, கடைசியில் பூஸ்ட்: சிறிய டர்போ கார் பற்றிய கேள்வி-பதில்

ஆயிரம் சிசிக்கு உட்பட்ட இயந்திரங்களுக்கு இறக்குமதி வரி குறைவாக இருந்த ஆண்டுகளில் கொழும்புக்கு வந்து சேர்ந்த, காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளும் டர்போ பொருத்திய சிறிய கார்கள் இப்போது இரண்டாம், மூன்றாம் கைகளுக்கு மாறியிருக்கின்றன. அவற்றை வாங்கிய இளைஞர்கள், அவற்றை வீதியில் அல்லாமல் பந்தயத்திடலில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறார்கள். இது நல்ல விருப்பம். இம்முறை வந்த கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என்னிடம் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இருக்கிறது. களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்த பந்தயத்திடலில் ஒரு நாள் ஓட்டப் போகிறேன். ஈசியுவை ரிமேப் செய்துவிட்டுப் போவதா, அப்படியே போவதா? — வெள்ளவத்தை வாசகர்

அப்படியே போங்கள். இயந்திரத்தை ஆளும் கணினியான ஈசியுவின் நிரலை வலுவுக்காக மாற்றி எழுதும் ரிமேப்புக்கு ஒதுக்கிய பணத்தின் ஒரு பகுதியைப் பிரேக்கில் போடுங்கள். உங்கள் காரின் 1.4 லீற்றர் இயந்திரம் 140 குதிரைவலு தருகிறது, கார் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. முதல் நாளுக்கு இது தாராளம்.

ஏன் பிரேக் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஓட்டுநருடன் 1,050 கிலோ வரும் கார் 140 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கும்போது ஏறத்தாழ 650 கிலோஜூல் சக்தி வெப்பமாக மாற வேண்டும். இரண்டு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஆனால் அந்த வெப்பம் மூன்று விநாடிக்குள் பிரேக் டிஸ்குகளில் இறங்குகிறது. அதில் எழுபது சதவீதத்தை முன் டிஸ்குகள் இரண்டும் தாங்குகின்றன என்று வைத்தால், ஐந்து கிலோ எடையுள்ள ஒரு டிஸ்க் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் 90 டிகிரி அளவுக்குச் சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. வீதிக்கென்று செய்த பேட்டுகள், அதாவது டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள், இப்படி ஏழெட்டு வளைவுகளுக்கு மேல் தாங்குவதில்லை.

பேட்டை விடவும் முக்கியமானது பிரேக் ஒயில். டொட் 4 தர ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். இந்த ஒயிலின் இயல்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதுதான், அதிலும் கொழும்பின் காற்றில் ஈரத்துக்கு என்ன குறை? பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கராஜில் மூடி திறந்தபடி கிடந்த போத்தலிலிருந்து ஊற்றிய ஒயிலுடன் நான் திடலுக்குப் போனேன். நான்காவது சுற்றில் பெடல் ஈரத் துணியை மிதித்தது போலத் தரைவரை இறங்கியது. பேட்டை அழுத்தும் கலிப்பருக்குள் ஒயில் கொதித்து ஆவியாகிவிட்டால் அந்த ஆவி அமுங்கும், கார் நிற்காது. பெடலைத் திரும்பத் திரும்பக் குத்தி, கியரை இறக்கி, புல்லில் போய் நின்றேன். அன்றிலிருந்து முத்திரை உடைக்காத போத்தலை நானே கொண்டுபோய், என் கண்முன்னே நான்கு சக்கரத்திலும் பழைய ஒயிலை வெளியேற்றச் சொல்கிறேன். வடியும் ஒயில் வெறுந் தேநீர் நிறத்திலிருந்து தெளிந்த மஞ்சளாக மாறும்வரை நிறுத்தக் கூடாது. டொட் 5.1 கிடைத்தால் இன்னும் நல்லது. டொட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் வகை. அதைத் தொடவே வேண்டாம்.

டொயோட்டா ஸ்டார்லட் ஜிடிக்குப் பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில் பெரிய இன்டர்கூலர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். போட்டால் எவ்வளவு குதிரைவலு கூடும்? — கொட்டாஞ்சேனை வாசகர்

டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் குதிரைவலுவைக் கூட்டும் பொருள் என்பதை விட, முதல் சுற்றில் இருந்த வலுவை எட்டாவது சுற்றிலும் காப்பாற்றித் தரும் பொருள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கொழும்பில் நண்பகல் காற்று 30 டிகிரியைத் தாண்டும். அந்தக் காற்றை டர்போ ஒரு பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வெளியழுத்தத்தை விட ஒரு பார் கூடுதலாக, அமுக்கினால், அதன் அமுக்கும் பகுதியான கம்ப்ரசர் எழுபது சதவீதத் திறனுடன் வேலை செய்தாலும், வெளியே வரும் காற்று 120 டிகிரிக்கு மேல் இருக்கும். குளிர்நாட்டில் எழுதப்படும் ஆலோசனைகள் இந்தத் தொடக்கப் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. எந்த இன்டர்கூலரும் காற்றை வெளி வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர முடியாது என்பதால், நமது இயந்திரத்துக்குள் போகும் காற்று அவர்களுடையதை விடச் சூடாகவே இருக்கும்.

உங்கள் காரில் கம்பனி பொருத்திய இன்டர்கூலர் இயந்திரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பொனற்றில் உள்ள வாய்வழியாக அதற்குக் காற்று வந்தாலும், வேகம் குறையும்போது கீழிருந்து ஏறும் சூடு அதை ஊறவைத்துவிடும். ஆகவே முன்பக்கம் மாற்றும் யோசனை சரிதான். ஆனால் முன்னால் வைத்த இன்டர்கூலர் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்கும். சூடு ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் ஏறினால் நமக்கென்ன இலாபம்? பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள எல்லா இடுக்குகளையும் ரப்பர் பட்டையாலோ மெல்லிய அலுமினியத் தகட்டாலோ அடைத்துவிடுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். இடுக்கு இருந்தால் இன்டர்கூலரைச் சுற்றிப் போய்விடும். சில ஆயிரம் ரூபாவில் முடியும் இந்த வேலையைச் செய்யாமல் இலட்சம் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வருந்தியிருக்கிறேன்.

பழைய பாகம் வாங்குவதானால், குழாய் வாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய ஒயில் படலம் இருந்தால் கழுவிவிடலாம். பளபளக்கும் உலோகத் துகள் வந்தால், உடைந்த டர்போவுடன் கிடந்த பாகம் அது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரு வாயையும் அடைத்து, காற்றேற்றி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 அடிக்க வேண்டுமா? — பலர்

டர்போ காருக்கு, அதுவும் திடலுக்கு, 95. அமுக்கப்பட்ட சூடான காற்று-பெற்றோல் கலவை தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடிப்பதைத்தான் நொக் என்கிறோம். அதை உணர்ந்ததும் ஈசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தும். இயந்திரம் பிழைக்கும், ஆனால் வலு குறையும், புகைப்போக்கிக்குப் போகும் வாயு மேலும் சூடாகும், அந்தச் சூட்டை டர்போ தாங்க வேண்டும். பெற்றோல் தாங்கியைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நீண்ட வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுத்தால், பூஸ்ட் நிறைந்த நேரத்தில் கலவை வறண்டுபோகும். பிஸ்டன் உருகுவதற்கு அது போதும்.

ரிமேப் என்றால் எப்போதுதான் செய்வது? — தெஹிவளை வாசகர்

பிரேக், குளிரூட்டல், டயர் மூன்றும் சரியாகி, நீங்கள் நான்கைந்து முறை திடலில் ஓடி, நேர்கோட்டின் முடிவில் காரின் வேகம்தான் உங்களைப் பின்னிழுக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு. செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரிமேப்பை இரவில் ஏசி அறையில் முடித்துத் தந்தால் ஏற்காதீர்கள். நண்பகலில், இயந்திரம் நன்றாகச் சூடேறிய நிலையில், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் நொக் அளவையும் பதிவு செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் பதிவைத் தர மறுப்பவரிடம் உங்கள் இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டாம்.

புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை அகற்றலாமா என்றும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். கூடாது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கான வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சிக்குவது ஒரு காரணம். வேஸ்ட்கேட், அதாவது மிகுதி வாயுவை டர்போவைச் சுற்றி வெளியேற விடும் கதவு, சிறியதாக உள்ள டர்போவில் புகைப்போக்கியைத் திடீரென்று அகலமாக்கினால், இயந்திரம் வேகமாகச் சுழலும்போது பூஸ்ட் கட்டுப்பாட்டை மீறி ஏறக்கூடும் என்பது மற்றொன்று.

எனது ஹொண்டா சிவிக் 1.0 டர்போ, சிவிடி கியர்பொக்ஸ். இதைத் திடலுக்குத் தயார்படுத்த முடியுமா? — வத்தளை வாசகர்

நேர்மையாகச் சொல்வதானால், அளவோடுதான். 988 சிசியில் 129 குதிரைவலு தரும் அந்த இயந்திரம் கெட்டிக்காரத்தனமான படைப்பு, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தடையாக நிற்பது கியர்பொக்ஸ். சிவிடியில் உலோகப் பட்டை ஒன்று இரு கூம்புத் தட்டுகளுக்கிடையே அழுத்தத்தால் மட்டுமே பிடிபட்டு ஓடுகிறது. தொடர்ந்து முழு வலுவில் ஓட்டினால் அதன் ஒயில் சூடேறும். எல்லை தாண்டியதும் கார் தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைக்கும். அந்த நேரத்தில் கோபப்பட்டு மேலும் மிதிக்க வேண்டாம். பூஸ்ட்டைக் கூட்டி முறுக்குவிசையை உயர்த்துவது பட்டை வழுக்குவதற்கு வழி செய்யும். மூன்று சுற்று ஓடுங்கள், இரண்டு சுற்று மெதுவாகப் போங்கள், பிறகு வெளியே வாருங்கள். கியர்பொக்ஸ் ஒயிலை, கம்பனி குறிப்பிட்ட வகையையே, புத்தகத்தில் சொன்ன தூரத்தின் பாதியில் மாற்றுங்கள்.

இயந்திர ஒயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நேரடியாகப் பெற்றோல் பாய்ச்சும் சிறிய டர்போ எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறைந்த சுழற்சியில் உயர் கியரில் முழுதாக மிதிக்கும்போது, தீப்பொறிக்கு முன்னரே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து இவ்வகை இயந்திரங்களுக்கு உண்டு. ஒரே அடியில் பிஸ்டனில் வளையங்களுக்கு இடையிலுள்ள மேடு உடைந்துபோகக் கூடிய நிகழ்வு அது. ஒயிலில் சேர்க்கும் கல்சியம் இதைத் தூண்டுவது கண்டறியப்பட்ட பின், 2018இல் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் எஸ்என் பிளஸ் தரமும் 2020இல் எஸ்பி தரமும் வந்தன. போத்தலின் பின்பக்கத்தில் எஸ்பி என்ற எழுத்தைத் தேடுங்கள். வளைவிலிருந்து வெளியேறும்போது கியரை இறக்கிவிட்டு மிதியுங்கள்.

டயரில் எத்தனை பிஎஸ்ஐ? — கல்கிசை வாசகர்

காலையில் குளிர்ந்த நிலையில், காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவு. நான்கு சுற்று முடிந்து வந்தவுடன் மறுபடி பாருங்கள். ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். காற்றை அப்போது, சூடாக இருக்கும்போது, காலையில் இருந்த அளவுக்கு அருகே இறக்குங்கள். வீட்டுக்குப் புறப்படுமுன் மறக்காமல் மறுபடி ஏற்ற வேண்டும். டயரின் தோள்பட்டையில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அது தேய்ந்த தூரம், டயர் எவ்வளவு மடங்குகிறது என்பதைக் காட்டிக் கொடுக்கும்.

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் போகும்போது பூஸ்ட்டைக் கூட்டலாமா? அங்கே குளிர்தானே? — ஹட்டன் வாசகர்

குளிர் உதவும், உயரம் கெடுக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ எண்பது சதவீதம். கொழும்பில் இரு மடங்கு அமுக்கிய டர்போ, அதே அழுத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுக்க அங்கே இரண்டரை மடங்கு அமுக்க வேண்டும். அதாவது நீங்கள் எதையும் கூட்டாமலேயே டர்போ கூடுதல் வேகத்தில் சுழல்கிறது. சிறிய டர்போவில் அதற்கு மேலும் கேட்பது நியாயமில்லை.

நாலு முனை பெல்ட் வாங்கிவிட்டேன். கம்பனி சீட்டிலேயே பொருத்தலாமா? திடலுக்கு முன் அதிவேக நெடுஞ்சாலையில் ஒருமுறை சோதிக்கலாமா? — கொழும்பு 13 வாசகர்

இரண்டுக்கும் இல்லை. சாதாரணச் சீட்டில் நாலு முனை பெல்ட் போட்டால், மோதலின்போது தோள்பட்டை பெல்ட் இடுப்பு பெல்ட்டை வயிற்றுக்கு மேலே இழுத்துவிடும். உடல் கீழே வழுக்கும். கூரை நசுங்கினால், பாதுகாப்புக் கம்பிக் கூண்டு இல்லாத காரில் நிமிர்ந்தபடி கட்டுண்டிருப்பவரால் சாயவும் முடியாது. கம்பனி பெல்ட்டே உங்களுக்குப் பாதுகாப்பு. நல்ல தலைக்கவசம் வாங்குங்கள். ஸ்னெல் எஸ்ஏ முத்திரை உள்ளதற்கு உள்ளே தீயைத் தாங்கும் துணி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கான எம் முத்திரையில் அது கட்டாயமில்லை.

நெடுஞ்சாலையில் எல்லை 100 கிலோமீற்றர், அங்கே பயணிப்போர் உங்கள் சோதனைக்கு உடன்பட்டவர்கள் அல்லர். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் ஒழுங்கமைக்கப்பட்ட போட்டியிலேயே ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு குழந்தையும் இருந்தது. கொடியும் அதிகாரிகளும் இருந்த இடத்தில் அது நடந்தது. வீதியில் அவை எதுவுமே இல்லை.

திடலில் ஓட்டிய அதே காரில் மாலையில் காலி வீதியால் கொழும்புக்குத் திரும்பலாமா? — பம்பலப்பிட்டி வாசகர்

திரும்பலாம், நான் பெரும்பாலும் அப்படித்தான் திரும்புகிறேன். ஆனால் காப்புறுதிப் பத்திரத்தை முன்கூட்டியே வாசித்துவிடுங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றின்போது ஏற்படும் சேதத்தைப் பொதுவாக அவை ஏற்பதில்லை. கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல், பூஸ்ட் ஏறாமல், மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைப் பிரேக்கை இழுக்க வேண்டாம், கொதிக்கும் பின் டிஸ்கில் பேட் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அரை மணி நேரம் கழித்துச் சக்கர நட்டுகளை இறுக்கும் விசையை அளக்கும் டோர்க் ரென்ச்சால், காரின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, மறுபடி இறுக்குங்கள். பிறகு கைவிளக்கை எடுத்துச் சக்கரத்தின் இடைவெளியூடாகப் பேட்டைப் பாருங்கள். உராயும் பகுதியில் மூன்று மில்லிமீற்றர் மிச்சம் இல்லையென்றால், களுத்துறையிலிருந்தே காரை ஏற்றிச் செல்லும் வாகனத்தை அழையுங்கள், நீங்கள் ரயிலில் வாருங்கள்.