வடிகாலில் விழும் மழைநீர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் மழைத் தோட்டங்கள், அதாவது சாலையிலிருந்து வரும் மழைநீரை வடிகட்டிச் சுத்தம் செய்யும் செடிப் பாத்திகள், அமைப்பதும் பராமரிப்பதும் என் வேலை. 2006இல், தேசிய நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளைத் துடிப்பும் அழகும் தூய்மையும் உள்ளவையாக்க ஏபிசி நீர்நிலைத் திட்டத்தைத் தொடங்கியபின் இவை நம் பேட்டைகளில் பெருகின. அவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, அவரவர் பேட்டையின் பெயரைப் போட்டு இங்கே பதில் எழுதுகிறேன்.

செங்காங்: வடிகால் நீரும் கழிவுநீர் ஆலைக்குத்தானே போகிறது?

இல்லை. கழிப்பறை, சமையலறை நீர் தனிக் குழாயில் ஆலைக்குப் போகிறது. மழைநீர் வடிகால்கள், கால்வாய்கள் வழியே நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் 17 நீர்த்தேக்கங்களுக்கு நீர் தருகிறது. உங்கள் புளோக் அருகே ஓடுவது நாளை உங்கள் குழாயில் வரக்கூடிய நீர்.

பீஷான்: ஐயா, மழைத் தோட்டத்தில் அழுக்கை உறிஞ்சுவது செடிகளா?

செடிகளை மட்டுமே பார்க்கிறோம், மண்ணை மறந்துவிடுகிறோம். பெரும்பகுதி வேலை மண்ணுடையது. மேலே மணல் மிகுந்த வடிகட்டு மண், அதன்கீழ் பருமணல், அடியில் சரளைக்கல்லும் துளையிட்ட குழாயும். சாலையிலிருந்து வரும் நீர் இவற்றினூடே மெல்ல இறங்கும்போது வண்டல் மேலேயே தங்கிவிடும். டயர் தேய்ந்து உதிர்ந்த துத்தநாகம் பெரும்பாலும் அந்த வண்டலோடு நின்றுவிடும். பாஸ்பரஸ் மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜன்தான் பிடிவாதக்காரன், நைட்ரேட்டாக நீரில் கரைந்து நழுவிவிடும். அதனால் சில தோட்டங்களின் அடியில் எப்போதும் நீர் நிற்கும்படி விட்டு, மரத்துண்டுகள் கலப்போம். ஆக்சிஜன் குறைந்த அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. செடியின் வேர்கள் சத்தை எடுத்துக்கொள்வதோடு மண் இறுகாமலும் காக்கின்றன. வேர் செத்தால் நீர் இறங்கும் வழியும் அடைபடும்.

உங்கள் பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலேயே இன்னொரு வகையைப் பார்க்கலாம். காலாங் ஆற்றின் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 2012இல் இயற்கைக் கரையுள்ள ஆறாகத் திறந்தார்கள். அங்கே குளத்து நீரைச் செடிகள் நட்ட படுகைகளில் ஓடவிட்டுச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள்.

ஈசூன்: அண்ணா, மழை பெய்தால் மழைத் தோட்டத்தில் நீர் தேங்குகிறது. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வராதா? சின்னப் பிள்ளை இருக்கிறாள், பயமாக இருக்கிறது.

நியாயமான பயம், அம்மா. ஆனால் கொசு முட்டையிலிருந்து வளர ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். நன்றாகப் பராமரித்த தோட்டத்தில் நீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடியில் நிற்கும் நீர் மண்ணுக்குள் இருப்பதால் கொசு அதை எட்டாது. மறுநாளும் மேலே குட்டை தெரிந்தால் அடைப்பு என்று பொருள். உடனே நகர மன்றத்திடம் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்: கார் கழுவிய சோப்பு நீரை வடிகாலில் விடலாமா?

கூடாது. அது நீர்த்தேக்கத்துக்கே போகும்.

உட்லண்ட்ஸ்: மழை தொடங்கியதும் கால்வாய் ஏன் கறுத்து ஓடுகிறது?

வெயில் நாட்களில் சாலையில் படிந்த எண்ணெயையும் தூசியையும் முதல் சில நிமிட மழை வாரிக்கொண்டு வருகிறது. மிக அழுக்கான நீர் அதுவே. அதைப் பிடிக்கும் அளவுக்குத் தோட்டத்தில் பள்ளம் விடுகிறோம். செம்மண் நிறமாக ஓடினால் கட்டுமானத் தளத்தைச் சந்தேகியுங்கள். அங்கிருந்து வடிகாலுக்கு வரும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

ஜூரோங்: தோட்டத்தில் வடிந்த நீரைக் குடிக்கலாமா?

வேண்டாம். கிருமிகள் இருக்கும். நீர்த்தேக்கத்திலிருந்து எடுத்து, வேதிப்பொருளால் கசடைத் திரளவைத்து, வடிகட்டி, கிருமி நீக்கிய பிறகே அது குடிநீர்.

பொங்கோல்: மழைத் தோட்டத்தைக் கெடுப்பது எது?

சிமெண்ட். வீடு புதுப்பிக்க வந்த ஆட்கள் வாளி கழுவிய நீரை ஒருமுறை நாங்கள் நட்ட பாத்தியில் ஊற்றிவிட்டார்கள். மேல்மண் பாறையாக இறுகியது. சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டோம்; செடிகளை மீண்டும் நட்டோம்.