திருக்காட்சிப் பெருவிழா என்றால் என்ன? கிறிஸ்தவர்கள் அதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

குழந்தை இயேசு யார் என்பது உலக மக்களுக்கு வெளிப்பட்டதை நினைவுகூரும் விழா இது. வழக்கமான நாள் ஜனவரி 6. 'எபிபனேயா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெளிப்படுதல் என்று பொருள்.

மத்தேயு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில், கிழக்கிலிருந்து ஞானிகள் ஒரு விண்மீனைப் பார்த்து, பிறந்த குழந்தையைத் தேடிப் புறப்பட்டு வருகிறார்கள். எருசலேமின் மறைநூல் அறிஞர்கள் குழந்தை பிறக்கும் ஊர் பெத்லகேம் என்று சரியாகவே சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் அங்கே போனதாக மத்தேயு சொல்லவில்லை. தேடிப் போய் மண்டியிட்டவர்கள் யூதர் அல்லாத வேற்றினத்தார்தான். இந்தக் கதையில் என் மனதைத் தொடும் இடம் இதுதான். கடவுள் ஓர் இனத்துக்கு மட்டும் உரியவர் அல்ல. வானத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வானத்தின் வழியாகவே தம்மைக் காட்டினார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை.

வீட்டுக்குள் எரியும் விளக்கைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தால் தெருவில் போகிறவருக்கும் வழி தெரியும் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

கிழக்கத்தியத் திருச்சபைகள் பல, இந்த விழாவில் யோர்தான் ஆற்றில் இயேசு பெற்ற திருமுழுக்கை (ஞானஸ்நானத்தை) நினைவுகூருகின்றன.

அப்புறம், வந்தவர்கள் 'மூன்று அரசர்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு எண்ணிக்கையும் சொல்லவில்லை, அரசர்கள் என்றும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் (ஒரு நறுமணப் பிசின்) என்று மூன்று காணிக்கைகளை மட்டுமே சொல்கிறார்.