சரிகை கறுத்த பழைய பூசை மேலுடை: புளி போடாதீர்கள்

கத்தோலிக்கக் குருவானவர் பூசையில் (திருப்பலியில்) அணியும் பழைய பட்டு மேலுடையில் சரிகை கறுத்துவிட்டது, புளியோ பூந்திக்கொட்டையோ போட்டுக் கழுவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புளியும் வேண்டாம், பூந்திக்கொட்டையும் வேண்டாம். அந்த மேலுடையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. திருவிழாவுக்குள் சரிகையைப் பளபளப்பாக்க நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நனைத்தால் பட்டுச் சுருங்கும், சிவப்புச் சாயம் வெள்ளைப் பூவேலையில் இறங்கும். பிறகு அதைத் திருப்பவே முடியாது.

பழைய சரிகை பெரும்பாலும் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு. தலைமுடி போல மெல்லியதாக, பட்டு நூல் மேல் சுற்றியிருப்பார்கள். முலாம் தேய்ந்த இடத்தில் காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். உடையை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தீர்களா? அதிலிருந்தும் கந்தகம் வரும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் மடிப்பு ஓரத்தைப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் வெள்ளியாக இருக்கலாம். பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. எதுவானாலும் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். அப்புறம், துவைத்த கஞ்சியில்லாப் பருத்தித் துணி விரித்துப் படுக்கையாக வையுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் துணிச்சுருள் கொடுங்கள்.

ஒன்று மட்டும்: உடையை வயலின் வடிவில் வெட்டியிருப்பதால் 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று முடிவு கட்டாதீர்கள். கனத்த பூவேலையோடு குருவானவர் கையைத் தூக்க வசதியாக வந்த அந்த வெட்டை, 20ஆம் நூற்றாண்டிலும் தைத்தார்கள். பட்டு விரல் பட்டாலே உதிர்ந்தால், துணிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டும்வரை யாரும் உடுத்த வேண்டாம்.