முதல் பிரசவத்தைவிட அடுத்தடுத்த பிரசவங்கள் எளிதாக இருக்குமா?

மூன்று பிள்ளைகளைப் பெற்றவள் என்ற முறையில் சொல்வதானால், அடுத்தடுத்த பிரசவங்கள் பெரும்பாலும் விரைவாக முடியும். ஆனால், வலியும் குறையும் என்று எண்ணிவிட வேண்டாம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டரிலிருந்து முழுமையாக விரிவதற்கு, முதல் பிரசவத்தில் வழக்கமாக 12 மணி நேரத்துக்கும், அடுத்தவற்றில் 10 மணி நேரத்துக்கும் மேல் ஆவதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தலைப்பிள்ளைக்கு, கானாடுகாத்தானில் தாய்வீட்டு வளவுத் தூணைப் பிடித்தபடி இரவெல்லாம் நடந்த எனக்கு, மூன்றாவது பிள்ளைக்குக் காரைக்குடி போய்ச் சேர்வதற்குள்ளாகவே பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆகவே, முன்பே பெற்றவர்கள் வலி சீராக வரத் தொடங்கியதும் கிளம்பிவிடுவதே நல்லது.

ஆச்சிமார் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு: பாலூட்டும்போது கருப்பை சுருங்குவதால் வரும் வலி பொதுவாகப் பிள்ளைக்குப் பிள்ளை கூடும். அதற்கு எனக்குக் கைகொடுத்தது பிரசவ லேகியம் அன்று, மருத்துவர் தந்த மாத்திரைதான்.